ஒரே அடுப்பு, இரண்டு தட்டுகள்: துணைவர் எடையைக் குறைக்கும் வீட்டில் நீங்கள் எடை கூட்டுவது எப்படி?

வீட்டில் ஒருவர் எடையைக் குறைக்க முடிவெடுத்ததும் முதலில் மாறுவது அவருடைய தட்டு அல்ல, சமையலறைதான். எண்ணெய்ப் புட்டி பின்வரிசைக்குப் போகிறது. தின்பண்ட டப்பா காலியான பிறகு மறுபடி நிரம்புவதில்லை. இரவு உணவு சீக்கிரமாகவும் சிறியதாகவும் ஆகிவிடுகிறது. எடை கூட்ட வேண்டிய மற்றவர், 'அவருக்காகத்தானே' என்று இவை அனைத்துக்கும் தலையாட்டிவிட்டு, இரண்டு மாதம் கழித்து எடைப்பொறியில் ஏறும்போது தாமும் ஒன்றிரண்டு கிலோ இளைத்திருப்பதைப் பார்க்கிறார்.

இது கற்பனை அல்ல. அமெரிக்காவின் கனெக்டிகட் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஆய்வாளர்கள் 130 தம்பதிகளைப் பின்தொடர்ந்து 2018-இல் வெளியிட்ட ஆய்வில், தம்பதியில் ஒருவர் மட்டுமே எடைக்குறைப்பு முயற்சியில் இருந்தார். ஆனால் ஆறு மாதத்தில், எந்த முயற்சியிலும் சேராத மற்றவர்களில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கினர் தங்கள் எடையில் 3 சதவீதமோ அதற்கு மேலோ இழந்திருந்தனர். கூடுதல் எடை உள்ளவருக்கு அது கூலி இல்லாமல் கிடைத்த ஆதாயம். 47 கிலோ உள்ள ஒருவருக்கு அதே இழுப்பு, இருப்பதிலிருந்து கிட்டத்தட்ட ஒன்றரைக் கிலோ போவதாகும். ஆகவே உங்கள் முதல் வேலை எடை கூட்டுவதுகூட அல்ல, துணைவரோடு சேர்ந்து இளைக்காமல் இருப்பது.

முதல் படி: கூட்ட வேண்டுமா என்று உறுதிசெய்துகொள்ளுங்கள்

கண்ணாடியும் உறவினர்களும் இந்தக் கேள்விக்கு நம்பத்தகுந்த சாட்சிகள் அல்லர். உடல் நிறை குறியீட்டெண்ணை, அதாவது பி.எம்.ஐ.யைக் கணக்கிட்டுப் பாருங்கள். கிலோவில் உள்ள எடையை, மீட்டரில் உள்ள உயரத்தின் வர்க்கத்தால் வகுத்தால் அது கிடைக்கும். வயதுவந்தவர்களுக்கு 18.5-க்குக் கீழே இருந்தால் எடைக்குறைவு என்று உலகச் சுகாதார நிறுவனம் வரையறுக்கிறது. 165 சென்டிமீட்டர் உயரமும் 47 கிலோ எடையும் உள்ள ஒரு பெண்ணை எடுத்துக்கொள்வோம். இந்தக் கட்டுரை முழுவதும் அவர் நம்மோடு வரப்போகிறார். அவருடைய எண் 17.3. அவர் 18.5-ஐத் தொட ஏறத்தாழ 50.5 கிலோவும், 20-ஐத் தொட 54.5 கிலோவும் தேவை. முதல் இலக்காக 50.5 கிலோவை வைத்துக்கொண்டு, அங்கே போய்ச் சேர்ந்த பிறகு அடுத்ததைப் பற்றி யோசிக்கலாம். குழந்தைகளுக்கும் கருவுற்றிருப்பவர்களுக்கும் இந்த அளவுகோல் பொருந்தாது. இருபதுக்கு மேல் எண் இருந்து, உடல்நலமும் சீராக இருந்து, 'ஒல்லியாகத் தெரிகிறாய்' என்ற பேச்சுக்காக மட்டுமே எடை கூட்ட நினைப்பவர், கூடுதல் உணவைவிடத் தசை வளர்க்கும் பயிற்சியில் கவனம் வைப்பது மேல்.

நீங்கள் எப்போதுமே மெலிந்தவரா, அண்மையில் மெலிந்தவரா என்பதும் முக்கியம். எந்த முயற்சியும் இல்லாமல் ஆறு முதல் பன்னிரண்டு மாதத்துக்குள் எடையில் 5 சதவீதத்துக்கு மேல் குறைந்திருந்தால், உணவுத் திட்டத்துக்கு முன்னால் மருத்துவரிடம் செல்ல வேண்டும். தைராய்டு சுரப்பி அளவுக்கு மீறிச் சுரப்பது, நீரிழிவு, காசநோய், சத்து உறிஞ்சப்படுவதைத் தடுக்கும் குடல் நோய்கள், மனச்சோர்வு, சில மருந்துகளின் பக்கவிளைவு, ஏன், மெல்ல முடியாதபடி செய்யும் பல்வலிகூட இதற்குக் காரணமாகலாம். காரணம் இருக்கையில் கலோரியைக் கூட்டிக்கொண்டிருப்பது ஓட்டைக் குடத்தில் நீர் ஊற்றும் வேலை. பி.எம்.ஐ. 16-க்கும் கீழே இருப்பவர்களும், பல நாட்களாக ஏறக்குறைய ஒன்றுமே சாப்பிடாமல் இருந்தவர்களும் தாங்களாகவே திடீரென்று நிறையச் சாப்பிடத் தொடங்கக் கூடாது. பட்டினியில் கிடந்த உடலுக்கு உணவு வேகமாக வந்து சேரும்போது இரத்தத்தில் பாஸ்பேட், பொட்டாசியம், மெக்னீசியம் ஆகியவற்றின் அளவு சரிந்து இதயத்துடிப்பே பாதிக்கப்படலாம் என்பதால், அவர்களுக்கு உணவை மருத்துவக் கண்காணிப்பில் படிப்படியாகத்தான் ஏற்ற வேண்டும்.

துணைவருக்கும் இதே படியில் ஒரு வேலை உண்டு. நீரிழிவுக்கோ இரத்த அழுத்தத்துக்கோ மருந்து எடுப்பவர் உணவைக் குறைத்தால், பழைய அளவு மருந்து அவருக்கு அதிகமாகிப் போகலாம். குறிப்பாக இன்சுலின் போட்டுக்கொள்பவருக்குச் சர்க்கரை ஆபத்தான அளவுக்கு இறங்கிவிடக்கூடும். தொடங்கும் முன்பே அவர் மருத்துவரிடம் சொல்லிவிடுவது நல்லது.

இரண்டாம் படி: கணக்குப் போடுங்கள், வியப்பு காத்திருக்கிறது

ஓய்வில் உடல் செலவிடும் ஆற்றலை மதிப்பிட மிஃப்ளின்–செயின்ட் ஜியோர் என்ற சூத்திரம் 1990 முதல் பரவலாகப் பயன்படுகிறது. எடையை 10-ஆலும், சென்டிமீட்டர் உயரத்தை 6.25-ஆலும் பெருக்கிக் கூட்டி, வயதை 5-ஆல் பெருக்கிக் கழிக்க வேண்டும். பிறகு ஆணானால் 5-ஐக் கூட்டவும், பெண்ணானால் 161-ஐக் கழிக்கவும் வேண்டும். உட்கார்ந்த வேலையும் சிறிது நடையும் உள்ளவர், கிடைத்த எண்ணை 1.375-ஆல் பெருக்கினால் ஒரு நாளைய மொத்தச் செலவு தோராயமாகத் தெரியும்.

நம் எடுத்துக்காட்டுப் பெண்ணுக்கு வயது 30 என்றால், ஓய்வுச் செலவு 1,190 கலோரி, நாள் செலவு சுமார் 1,640. எடை கூட வேண்டுமானால் அதற்கு மேல் ஒரு நாளைக்கு 300 முதல் 500 கலோரி வரை தேவை; 400 என்று வைத்தால் 2,040 வருகிறது. அவருடைய கணவருக்கு 35 வயது, 172 சென்டிமீட்டர் உயரம், 92 கிலோ எடை. அவருடைய நாள் செலவு சுமார் 2,510. எடை குறைய அதிலிருந்து 500-ஐக் கழித்தால் 2,010.

இரண்டு எண்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஏற வேண்டியவரும் இறங்க வேண்டியவரும் ஏறத்தாழ ஒரே அளவு கலோரிதான் சாப்பிட வேண்டும்! எல்லாத் தம்பதிகளுக்கும் இப்படிச் சமமாக வந்துவிடாது என்றாலும், எதிர்பார்த்ததைவிட நெருக்கமாக வருவது மிகவும் சாதாரணம். இருவருக்கும் இரண்டு சமையல் செய்தாக வேண்டும் என்ற அச்சம் இங்கேயே பாதி கரைந்துவிடுகிறது. வேறுபாடு கலோரியில் இல்லை, கொள்ளளவில் இருக்கிறது: சீக்கிரம் நிறைந்துவிடும் உங்கள் வயிற்றுக்குள் அந்த 2,000 கலோரி சிறிய பொட்டலமாக நுழைய வேண்டும், நிறையச் சாப்பிட்டுப் பழகிய அவருடைய வயிற்றுக்கு அதே 2,000 பெரிய மூட்டையாகத் தோன்ற வேண்டும். இனி வரும் சமையல் யோசனைகள் எல்லாம் இந்த ஒரு வேறுபாட்டிலிருந்து பிறப்பவைதான்.

சூத்திரம் தருவது மதிப்பீடு மட்டுமே. அமெரிக்காவின் மேயோ கிளினிக் மருத்துவமனையைச் சேர்ந்த ஜேம்ஸ் லெவின் குழுவினர் 1999-இல் வெளியிட்ட ஆய்வில், 16 பேருக்கு எட்டு வாரம் நாள்தோறும் 1,000 கலோரி கூடுதலாகக் கொடுக்கப்பட்டது. ஒருவர் உடலில் சேர்ந்த கொழுப்பு அரைக்கிலோவுக்கும் குறைவு. இன்னொருவர் உடலில் நான்கு கிலோவுக்கும் மேல். கூடுதலாகச் சாப்பிட்டதும் தம்மை அறியாமலேயே அதிகமாக அசைந்து, எழுந்து, நடந்து, கால்களை ஆட்டிச் செலவழித்துவிடும் உடல்வாகு சிலருக்கு உண்டு என்பதே அதன் விளக்கம். 'எவ்வளவு சாப்பிட்டாலும் ஒட்டுவதில்லை' என்பவர் எல்லாரும் பொய் சொல்வதில்லை. ஆனால் அப்படிச் சொல்பவர்களில் பலர் தாங்கள் சாப்பிடுவதை மிகையாக நினைத்துக்கொண்டிருப்பதும் உண்மைதான். நானும் அப்படித்தான் இருந்தேன். எதையும் மாற்றாமல் ஒரு வாரம் சாப்பிட்டதையெல்லாம் எழுதிப் பார்த்தபோதுதான், 'பலமாகச் சாப்பிட்ட' நாளுக்கு அடுத்த நாள் காலை உணவே இல்லை என்பது தெரிந்தது. நீங்களும் அந்த ஒரு வாரக் குறிப்பை எழுதிவிட்டுத் தொடங்குங்கள்.

மூன்றாம் படி: உட்கார்ந்து பேசுங்கள்

இந்தப் பேச்சைச் சாப்பாட்டு மேசையில் வைத்துக்கொள்ளாதீர்கள். பசித்திருக்கும் ஒருவரோடு உணவைப் பற்றிப் பேச்சுவார்த்தை நடத்துவது யாருக்கும் நல்லதல்ல. துணைவரிடம் கேட்க வேண்டியவை சில உண்டு: எந்தத் தின்பண்டம் கண்ணில் பட்டாலே கை போய்விடுகிறது? எந்த நேரத்தில் பசி தாங்க முடிவதில்லை? தடம் மாறினால் நான் நினைவூட்ட வேண்டுமா, பேசாமல் இருக்க வேண்டுமா? இந்தக் கடைசிக் கேள்விக்கு ஆளுக்கு ஆள் விடை மாறும் என்பதால் ஊகிக்காமல் கேட்டுவிட வேண்டும். அதுபோலவே உங்கள் தேவையையும் சொல்லுங்கள். நீங்கள் சாப்பிடும்போது அவர் பெருமூச்சு விட்டால், உங்களுக்கு ஒரு கவளம் குறைகிறது என்பதை அவர் அறிந்திருக்க வேண்டும்.

வீட்டில் இரண்டு வாக்கியங்களுக்குத் தடை போடுவது நலம். ஒன்று, 'உனக்கென்ன, எதை வேண்டுமானாலும் சாப்பிடலாம்' என்பது. இன்னொன்று, 'இதையா சாப்பிடப் போகிறீர்கள்?' என்பது. முன்னது எடை ஏறாதவரின் சிரமத்தைச் சொகுசாக்கிவிடுகிறது. பின்னது துணையைக் காவலராக்கிவிடுகிறது.

அவர் சிடுசிடுத்தால் அதை உங்கள் மேல் உள்ள கோபமாக எடுத்துக்கொள்ளாதீர்கள். 1944–45-இல் அமெரிக்காவின் மின்னசோட்டா பல்கலைக்கழகத்தில் ஆய்வாளர் அன்செல் கீஸ் நடத்திய பட்டினிச் சோதனையில், மனவுறுதி மிக்கவர்கள் என்று தேர்ந்தெடுக்கப்பட்ட 36 இளைஞர்கள், உணவு ஏறத்தாழ பாதியாகக் குறைக்கப்பட்ட ஆறு மாதத்தில் எரிச்சலும் சோர்வும் கொண்டவர்களாக மாறினர். நாள் முழுவதும் உணவைப் பற்றியே நினைத்தனர், சமையல் குறிப்புகளை உட்கார்ந்து படித்தனர். உங்கள் துணைவரின் குறைப்பு அந்த அளவுக்குக் கடுமையானதல்ல, இருக்கவும் கூடாது. ஆனாலும் பசி ஒரு மனிதரின் குணத்தைச் சற்று நேரம் இரவல் வாங்கிக்கொள்ளும் என்பதை நினைவில் வைத்தால் பல சண்டைகள் தொடங்காமலே போகும்.

நான்காம் படி: பானை ஒன்று, தட்டில் மாற்றம்

பொதுச் சமையலை எண்ணெய் குறைவாகச் செய்யுங்கள்; உங்களுக்கு வேண்டிய கூடுதலைத் தட்டில் சேர்த்துக்கொள்ளுங்கள். பானையில் ஊற்றிய எண்ணெயைத் திரும்ப எடுக்க முடியாது, தட்டில் எப்போது வேண்டுமானாலும் ஊற்றிக்கொள்ளலாம் என்பதே இதன் தர்க்கம்.

ஓர் இரவு உணவைப் பார்ப்போம். சோறு, பருப்பு, வேகவைத்த காய்கள், முட்டை ஆகியவை பொது. அவருடைய தட்டில் 300 கிராம் காய், 150 கிராம் பருப்பு, இரண்டு முட்டை, 100 கிராம் சோறு. உங்கள் தட்டில் 250 கிராம் சோறு, அதே 150 கிராம் பருப்பு, அதே இரண்டு முட்டை, 100 கிராம் காய், மேலே ஒரு மேசைக்கரண்டி எண்ணெய். அவருடைய உணவின் எடை 650 கிராம், ஆற்றல் சுமார் 540 கலோரி. உங்கள் உணவு சற்றுக் குறைவாக 615 கிராம்தான். ஆனால் ஆற்றல் 800 கலோரியை நெருங்குகிறது. ஒரே நேரத்தில், ஒரே மேசையில், ஒரே சமையலைச் சாப்பிட்டு இருவரும் எதிரெதிர்த் திசையில் நடக்க முடிகிறது. உண்ணும் வரிசையையும் மாற்றிக்கொள்ளலாம்: அவர் காயில் தொடங்கட்டும்; நீங்கள் சோற்றையும் பருப்பையும் முட்டையையும் முடித்துவிட்டுக் காய்க்கு வாருங்கள். காய் வேண்டாம் என்று ஒதுக்கிவிடக் கூடாது. நார்ச்சத்து உங்களுக்கும் தேவை. ஆனால் அது முதலில் போய் வயிற்றின் இடத்தைப் பிடித்துக்கொள்ள வேண்டாம்.

தட்டில் சேர்க்கத் தகுந்தவற்றின் அளவு மனத்தில் பதிந்துவிட்டால் எடைத்தராசு தேவைப்படாது. ஒரு மேசைக்கரண்டி எண்ணெய் எதுவாயினும் சுமார் 120 கலோரி. ஒரு கைப்பிடி, அதாவது 30 கிராம் நிலக்கடலையோ பாதாமோ 170-ஐ ஒட்டி வரும். ஒரு முட்டை 70 முதல் 75. கொழுப்பு நீக்காத பால் கால் லிட்டர் 150. நடுத்தர வாழைப்பழம் 105. இரண்டு மேசைக்கரண்டி நிலக்கடலை வெண்ணெய் 190. கொழுப்பு ஒரு கிராமுக்கு 9 கலோரி தர, மாவுச்சத்தும் புரதமும் கிராமுக்கு 4 கலோரியே தருகின்றன என்பதால், இடத்தை அடைக்காமல் ஆற்றலைக் கூட்டக் கொட்டைகள், விதைகள், தாவர எண்ணெய்கள் ஆகியவையே நேரான வழி.

அலமாரியில் உங்கள் பொருள்களுக்கென்று ஓர் அடுக்கை ஒதுக்கி, உள்ளே இருப்பது வெளியே தெரியாத டப்பாக்களில் வையுங்கள். துணைவரை ஈர்க்கும் தின்பண்டம் எது என்று அவரே சொல்லியிருந்தால் அதை வீட்டுக்குள் கொண்டுவராமல் வேலையிடத்தில் சாப்பிட்டுவிடுங்கள். அவருக்கு நிலக்கடலை சோதனை என்றால் நீங்கள் பாதாமுக்கு மாறலாம். எதை மாற்றினாலும் உங்கள் கலோரி கணக்கு மாறாமல் இருந்தால் போதும். ஆனால் ஒளித்துச் சாப்பிடாதீர்கள். கண்ணில் படாமல் வைப்பது கரிசனம், கேட்டால் இல்லை என்பது வேறு. எங்கள் வீட்டில் தலையணைக்கு அடியிலிருந்து கண்டெடுக்கப்பட்ட ஒரு சாக்லேட் உறை, சாக்லேட் சாப்பிட்டதைவிடப் பெரிய விசாரணைக்குக் காரணமானது.

யார் சமைப்பது என்பதையும் இங்கே முடிவு செய்ய வேண்டும். எடை குறைப்பவரே வீட்டுச் சமையலையும் செய்பவராக இருந்தால், உங்களுக்கான கொழுத்த உணவைக் கிளறி, முகர்ந்து, ருசி பார்த்து, பிறகு சாப்பிடாமல் இருக்க வேண்டிய வேதனையை அவர்மேல் சுமத்தாதீர்கள். உங்கள் கூடுதல்கள் அனைத்தும் உங்கள் கையாலேயே ஆகட்டும்.

ஐந்தாம் படி: பசிக்கக் காத்திருக்காதீர்கள்

மெலிந்தவர்களில் பலருக்குப் பசி ஒரு சோம்பேறிக் கடிகாரம். அதை நம்பாமல், மூன்று வேளை உணவுக்கு நடுவே இரண்டு மூன்று சிற்றுணவு நேரங்களைக் கைப்பேசியில் குறித்து வையுங்கள். முதல் நாளே 400 கலோரியைக் கூட்டினால் வயிறு உப்பி, மூன்றாம் நாளில் திட்டமே கைவிடப்படும். முதல் வாரம் 150, அடுத்த வாரம் இன்னொரு 150 என்று ஏற்றுங்கள். உணவுக்குச் சற்று முன்னால் நிறையத் தண்ணீரோ காப்பியோ தேநீரோ குடிக்காதீர்கள். புகைப்பழக்கம் பசியை மழுங்கச் செய்கிறது என்பது, அதை விடுவதற்கான பல காரணங்களில் ஒன்று.

மெல்ல முடியாததைக் குடித்துவிடலாம். திரவ உணவு திட உணவு அளவுக்கு வயிற்றை நிறைப்பதில்லை. எடை குறைப்பவருக்குப் பழச்சாறு வேண்டாம் என்று சொல்வதற்குக் காரணமான அதே குணம் உங்களுக்குத் துணையாகிறது. கால் லிட்டர் கொழுப்பு நீக்காத பால், ஒரு வாழைப்பழம், இரண்டு மேசைக்கரண்டி நிலக்கடலை வெண்ணெய், இரண்டு மேசைக்கரண்டி பால்பொடி ஆகியவற்றை மிக்ஸியில் அடித்தால் ஏறத்தாழ 500 கலோரியும் 20 கிராம் புரதமும் ஒரே குவளையில் கிடைக்கும். அந்த ஒன்றே ஒரு நாளின் முழுக் கூடுதலுக்கும் போதுமானது. இதை உணவுக்குப் பதிலாகக் குடிக்காமல், உணவுக்கு இரண்டு மணி நேரம் கழித்தோ படுக்கும் முன்போ குடியுங்கள். பால் ஒத்துக்கொள்ளாதவர்கள் சோயாப் பாலையும், கடலை ஒவ்வாமை உள்ளவர்கள் சூரியகாந்தி விதை விழுதையும் பயன்படுத்தலாம்.

இனிப்பும் பொரித்த பண்டமும் இதைவிட விரைவாக எடை கூட்டுமே என்று தோன்றும். கூட்டும்தான். ஆனால் ஒல்லியாக இருப்பது உயர் இரத்தச் சர்க்கரைக்கோ, கொழுப்புக் கல்லீரலுக்கோ, கெட்ட கொழுப்புக்கோ எதிரான தடுப்பூசி அல்ல. உணவில் சேர்க்கும் சர்க்கரை, தேன், பழச்சாற்றில் உள்ள சர்க்கரை ஆகியவற்றிலிருந்து வரும் ஆற்றல் மொத்தத்தில் 10 சதவீதத்துக்குக் கீழே இருக்க வேண்டும் என்று உலகச் சுகாதார நிறுவனம் பரிந்துரைக்கிறது. 2,000 கலோரி உணவில் அது ஒரு நாளைக்குச் சுமார் 50 கிராம். இந்த வரம்பு எடை கூட்டுபவருக்கும் குறைப்பவருக்கும் ஒன்றேதான்.

எடை கூட்டும் பொடிகள் பலவற்றில் பெரும்பகுதி சர்க்கரை போன்ற மாவுச்சத்தும் பால்பொடியும்தான். சமையலறையில் செய்ததையே விலை கொடுத்து வாங்குகிறீர்கள். மாத்திரைகள் இதைவிட மோசம். பசியைத் தூண்டும் ஒவ்வாமை மருந்துகளையும் ஸ்டீராய்டுகளையும் 'எடை ஏற்றும் மாத்திரை' என்று விற்பவர்கள் இருக்கிறார்கள். ஸ்டீராய்டு தரும் உப்பல் நீரும் கொழுப்பும்தான்; அதோடு எலும்பு பலவீனமும் சர்க்கரை உயர்வும் வந்து சேரும். மருத்துவர் எழுதித் தராத எதையும் இதற்காக விழுங்காதீர்கள்.

ஆறாம் படி: இருவரும் ஒரே பயிற்சியைச் செய்யுங்கள்

உணவில் பிரிந்து நடப்பவர்கள் முழுமையாகச் சேர்ந்து செய்யக்கூடிய ஒன்று உண்டென்றால் அது எடைப்பயிற்சிதான். கூடுதலாகச் சாப்பிட்டுவிட்டுப் பயிற்சி செய்யாமல் இருந்தால், ஏறும் எடையில் பெரும்பங்கு கொழுப்பாகவே தங்கும். பயிற்சி அதில் ஒரு பகுதியைத் தசைக்குத் திருப்பிவிடுகிறது. குறைவாகச் சாப்பிடுபவர் பயிற்சி செய்யாமல் இருந்தால், இறங்கும் எடையோடு தசையும் கரைந்து போகும். பயிற்சி அதைப் பெருமளவு குறைக்கிறது. காரணங்கள் எதிரெதிரானவை, பயிற்சி ஒன்றே.

வாரத்துக்கு இரண்டு அல்லது மூன்று நாள், இடையில் ஒரு நாள் ஓய்வோடு செய்தால் போதும். நாற்காலியில் உட்கார்ந்து எழுவது போன்ற ஸ்குவாட், சுவரிலோ தரையிலோ செய்யும் புஷ்-அப், குனிந்த நிலையில் எடையை வயிற்றை நோக்கி இழுப்பது, எடையைத் தலைக்கு மேல் தூக்குவது ஆகிய நான்கும் உடலின் பெரிய தசைகளில் பெரும்பாலானவற்றை வேலை வாங்கிவிடும். ஒவ்வொன்றையும் 8 முதல் 12 முறை என்று இரண்டு மூன்று சுற்றுகள் செய்யுங்கள்; பன்னிரண்டும் எளிதாகிவிட்டால் எடையைச் சற்றுக் கூட்டுங்கள். ஜிம் இல்லாதவர்களுக்கு நீர் நிரப்பிய புட்டிகள் போதும். மூட்டுவலியோ இதய நோயோ உள்ளவர்கள் முதலில் மருத்துவரைக் கேட்க வேண்டும்.

தசை கட்டப் புரதம் வேண்டும். பயிற்சி செய்பவருக்கு ஒரு கிலோ உடல் எடைக்கு 1.2 முதல் 1.6 கிராம் வரை என்று கொண்டால், நம் 47 கிலோ பெண்ணுக்கு 56 முதல் 75 கிராம் ஆகிறது. துணைவரும் புரதத்தைக் குறைக்கக் கூடாது. பசியைத் தாங்க வைப்பதும் அதுதான். அவருடைய கணக்கை இப்போதைய எடைக்குப் பதிலாக அடைய வேண்டிய எடையை வைத்துப் போட்டால் அளவு மிகையாகாது. சிறுநீரக நோய் உள்ளவர்களுக்கு இந்த எண்கள் பொருந்தா.

ஒரு பொறியைப் பற்றிச் சொல்ல வேண்டும். எடை குறைப்பவர் மாலையில் ஒரு மணி நேரம் நடக்கத் தொடங்குவார். தனியாகப் போக வேண்டாமே என்று நீங்களும் கிளம்புவீர்கள். அந்த நடை உங்களிடமிருந்து 150 முதல் 200 கலோரி வரை எடுத்துக்கொள்கிறது. அதாவது நாள் முழுவதும் சிரமப்பட்டுச் சேர்த்த 400-இல் கிட்டத்தட்டப் பாதி. நடையை நிறுத்தச் சொல்லவில்லை. அந்த ஒரு மணி நேரப் பேச்சு எந்த உணவுத் திட்டத்தையும்விட இருவருக்கும் நல்லது. திரும்பி வந்ததும் ஒரு கைப்பிடி கொட்டைகளையும் ஒரு வாழைப்பழத்தையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள், அவ்வளவுதான்.

ஏழாம் படி: எடைப்பொறி ஒன்று, குறிப்பேடு இரண்டு

காலையில் கழிப்பறை சென்று வந்தபின், எதுவும் சாப்பிடும் முன் எடை பாருங்கள். வாரத்தில் மூன்று நான்கு முறை பார்த்துச் சராசரி எடுத்தால் தண்ணீரின் ஏற்ற இறக்கம் ஏமாற்றாது. முதல் வாரத்தின் எண்களை இருவருமே நம்பக் கூடாது. உடலில் மாவுச்சத்து கிளைக்கோஜனாகச் சேமிக்கப்படும்போது ஒவ்வொரு கிராமோடும் ஏறத்தாழ மூன்று கிராம் நீர் சேர்ந்து தங்குகிறது. குறைவாகச் சாப்பிடுபவரிடமிருந்து அது விரைவில் வெளியேறுகிறது, கூடுதலாகச் சாப்பிடுபவரிடம் விரைவில் சேர்கிறது. அவர் முதல் வாரத்தில் இரண்டு கிலோ இழந்து துள்ளிக் குதிப்பதும், மூன்றாம் வாரத்தில் முகம் வாடுவதும் இதனால்தான். அந்த மூன்றாம் வாரத்தில் அவருக்கு நீங்கள் தேவைப்படுவீர்கள்.

அதன்பிறகு உங்களுக்கு வாரத்துக்குக் கால் கிலோ முதல் அரைக் கிலோ வரை ஏறுவதும், அவருக்கு அரைக் கிலோ முதல் ஒரு கிலோ வரை இறங்குவதும் நல்ல வேகம். இரண்டு மூன்று வாரம் எண் நகராமல் நின்றால் நீங்கள் 150 கலோரியைக் கூட்டிப் பாருங்கள். இருவருடைய எண்களையும் ஒரே தாளில் எழுதி ஒப்பிடும் ஆசை வரும், வேண்டாம். ஒருவருடைய எண்ணை மற்றவர் கேட்காமல் பார்ப்பதில்லை என்பது எங்கள் வீட்டில் இன்றும் நடைமுறையில் உள்ள விதி. பாராட்டும்போதும் உடலைப் பாராட்டாமல் செயலைப் பாராட்டுங்கள்: 'இளைத்துவிட்டீர்கள்' என்பதைவிட, 'விருந்திலும் அளவாகச் சாப்பிட்டீர்கள்' என்பது அடுத்த வாரம் எண் நகராவிட்டாலும் உண்மையாகவே இருக்கும்.

விருந்துகளில் உங்கள் தட்டைப் பார்த்து இன்னும் கொஞ்சம் வைப்பவர்களும், அவர் தட்டைப் பார்த்து முகம் சுளிப்பவர்களும் ஒருவராகவே இருப்பார்கள். ஒருவருக்காக மற்றவர் பதில் சொல்லிப் பழகுங்கள். 'அவருக்கு இது போதும்' என்று நீங்கள் சொல்வது, அவரே பத்து முறை மறுப்பதைவிட விரைவில் வேலை செய்கிறது.

கவலைப்பட வேண்டிய அறிகுறிகள் இருவருக்கும் பொதுவானவை: வேளைகளைத் தொடர்ந்து தவிர்ப்பது, சாப்பிட்டபின் வாந்தி எடுப்பது, மலமிளக்கி மாத்திரைகளை நாடுவது, பிறர் முன்னிலையில் சாப்பிட அஞ்சுவது, அடிக்கடி தலைசுற்றுவது, மாதவிடாய் நின்றுபோவது. இவை தெரிந்தால் திட்டத்தை நிறுத்திவிட்டு மருத்துவரிடம் போக வேண்டும். ஒரு நாளைக்கு 800 கலோரியும் அதற்குக் குறைவுமான உணவுத் திட்டங்களை மருத்துவக் கண்காணிப்பு இல்லாமல் எவரும் பின்பற்றக் கூடாது. துணைவர் அப்படி ஒன்றைத் தொடங்கினால், அங்கே ஆதரவு என்பது மறுத்துப் பேசுவதுதான்.

இலக்குகள் ஒரே நாளில் வாரா

உங்களுக்குத் தேவை நான்கு கிலோவும் அவருக்குத் தேவை பதினைந்து கிலோவும் என்றால், நீங்கள் மூன்று நான்கு மாதத்தில் முடித்துவிட, அவர் இன்னும் வழியிலேயே இருக்கக்கூடும். அப்போது கூடுதலை ஒரே நாளில் நிறுத்தாதீர்கள். 51 கிலோ உடலின் நாள் செலவு 47 கிலோ உடலின் செலவைவிடச் சற்று அதிகம் என்பதால், பழைய உணவுக்குத் திரும்பினால் எடையும் மெல்லப் பழைய இடத்துக்கே திரும்பும். அந்த 500 கலோரிக் குவளையைப் பாதியாக்கி ஒரு மாதம் எடையைக் கவனியுங்கள். பயிற்சியையும் நடையையும் அவரோடு தொடருங்கள். அவருக்கோ, உடல் இளைக்க இளைக்க நாள் செலவு குறைந்துகொண்டே வரும். ஆகவே நான்கைந்து கிலோ இறங்கும் ஒவ்வொரு முறையும் அவருடைய எண்ணைப் புதிதாகக் கணக்கிட வேண்டும். அந்தக் கணக்கை அவர் கேட்டால் போட்டுக் கொடுங்கள்.